கூட வந்தவள்

மனைவி இறந்த பிறகு நான் தனியாகப் போன முதல் வெளியூர்ப் பயணம் அது. பழைய நகரம். கோட்டைக்குள் கார் போகாது. கல் பாவிய சந்துகளில் நடந்துதான் ஆக வேண்டும். நடை எனக்குப் பிரச்சினையே இல்லை. “எந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போனாலும் நான் பாத்தது இவரு முதுகைத்தான்” என்று அவள் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

வாசலில் டிக்கெட் கிழித்தவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். “மெதுவா போங்க சார், அவங்களுக்கு மூச்சு வாங்குது” என்றார். திரும்பினேன். வெறும் படிகள். வேறு யாரையோ சொல்கிறார் என்று நடந்தேன்.

மணிக்கூண்டுப் பக்கம் தொப்பி விற்கிற அம்மா அதட்டினார். “என்னங்க, கூட வர்றவங்களை விட்டுட்டு இப்படி ஓடுறீங்க?”

இந்தத் தடவை திரும்பவில்லை. செருப்புச் சத்தம் கேட்டது. இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற சத்தம். முட்டி வலி வந்த பிறகு அவள் அப்படித்தான் நடப்பாள்.

நின்றேன். சத்தம் நெருங்கி, தோள் பக்கம் வந்தது.

“பாத்து வா, கல்லு வழுக்கும்” என்றேன்.

அது நிற்கவில்லை. என்னைத் தாண்டி, அதே இழுத்த நடையில் போனது. சந்து முனையில் எதிரே வந்த தபால்காரர் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார். எனக்கல்ல, நான் இன்னும் அவ்வளவு தூரம் போயிருக்கவில்லை.

மூச்சு வாங்கப் பின்னாலேயே போனேன். பார்ப்பதற்கு ஒரு முதுகுகூட இல்லை.