அரை அங்குலம்

"இது அழைப்பிதழா, அடுப்புப் பத்த வைக்கிற சுருளா?"

தையல்காரம்மா அந்த மரச்சீவலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். தச்சர் இழைப்புளியால் சீவி எடுத்த மெல்லிய சுருள் அது. அதை நிமிர்த்தி, அவர் மகள் பேனாவால் அழகாக எழுதியிருந்தாள்.

"இழுத்தா நிக்குது, விட்டா சுருண்டுக்குது. வர்றவங்க ஒரு கையால பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால விரல் வெச்சுப் படிக்கணுமா?"

"இல்ல அத்தை, ரெண்டு வீட்டுத் தொழிலும் கல்யாணத்துல தெரியணும்னுதான்..." என்றாள் தச்சர் மகள். "எங்க வீட்டு மரம், உங்க வீட்டுத் துணி. எல்லாம் நம்ம கையால. வேர்லேர்ந்து வர்ற கல்யாணம்!"

"வேரா? வேர் மண்ணுக்குள்ள மறைவாக் கிடக்கணும்டி. வெட்டவெளியில பரப்பி வெச்சா காஞ்சு போயிடும். நாலு சுவத்துக்குள்ள, நாலு பேரை வெச்சு, சத்தமில்லாம முடிங்கன்னு நானும் தலைபாடா அடிச்சுக்கிறேன்."

"தச்சுப் பட்டறைக்குப் பின்னாடி அவ்வளவு பெரிய இடம் சும்மா கிடக்கும்மா" என்றான் மகன், வாசல்படியில் நின்றபடி. அவனும் தச்சர் மகளும் ஒரு மாதமாக இந்தக் கல்யாண வேலையாகவே அலைகிறார்கள்.

"கிடந்தா? நான் ரவிக்கை தைச்சுக் கொடுத்த அத்தனை பொம்பளைங்களும் வேலியோரமா நின்னு வேடிக்கை பார்ப்பாங்க. வெறும் வாயை மெல்லுறவளுக்கு அவல் கிடைச்ச மாதிரி ஆயிடும். சரி, மழை வந்தா?"

"கடவுள் பார்த்துக்குவார் அத்தை."

"அவருக்கு வேற வேலை இல்ல பாரு, உன் பந்தலைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுக்கு!"

 தச்சர் மகள் மெல்லச் சொன்னாள்.

"அப்பா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லி அனுப்பினார். உங்களுக்கு முழு மனசு இல்லைன்னா இந்தக் கல்யாணமே வேண்டாமாம். யாரையும் வற்புறுத்தக் கூடாதாம். இன்னைக்கே கேட்டுட்டு வரச் சொன்னார்."

தையல்காரம்மா மெஷின் ஊசியில் நூல் கோத்தாள். முப்பது வருடப் பழக்கம். மூன்று முறை தவறியது.

"என் கடைத் துண்டுத்துணியை எல்லாம் மூட்டை கட்டித் தூக்கிட்டுப் போனியே, அந்த அதிசயப் பந்தல் எங்க?"

மகன் தலையைச் சொறிந்தான். வெளியே போய் ஒரு பெரிய துணிக்குவியலைக் கொண்டு வந்து தரையில் போட்டான். "இன்னைக்குத்தான் கட்டிப் பார்த்தோம்மா. கம்பத்துக்கு எட்டலை. மூணடிக்கு மேல குறையுது."

"எனக்குப் புரியவே இல்லை அத்தை. இருபதடிக்கு அப்பா கம்பம் நட்டார். ஆறு அங்குலத்துக்கு ஒரு பட்டைன்னு நாற்பது பட்டை. துளி பிசகாம அளந்துதான் வெட்டினேன். சேர்த்துத் தைச்சதும் மீதி எங்கயோ போயிடுச்சு."

தையல்காரம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "தையலுக்குத் துணி விட்டியாடி?"

"விடணுமா?"

"கேள்வியைப் பாரு! பலகை அறுக்கிற மாதிரி வெட்டி வெச்சிருக்கா. பலகையைப் பக்கத்துல வெச்சு ஆணி அடிச்சாப் போதும். துணி அப்படியா? ரெண்டு துண்டு ஒண்ணு சேரணும்னா, இந்தப் பக்கம் அரை அங்குலம், அந்தப் பக்கம் அரை அங்குலம் விட்டுக் கொடுக்கணும். இது தெரியாம பந்தல் போட வந்துட்டா, பந்தல்!"

"அத்தை..." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எங்க பக்கம் எல்லாரும் விட்டுக் கொடுத்தாச்சு. நீங்களும் ஒரு அரை அங்குலம் விட்டுக் கொடுங்களேன்."

தையல்காரம்மாவின் சிரிப்பு நின்றது.

குனிந்து பந்தலின் ஒரு முனையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். எறும்பு ஊர்ந்த மாதிரி கோணல் தையல். ஆனால் பிரிந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு இடத்திலும் இரண்டு முறை போட்டிருந்தது. அந்தப் பெண்ணின் விரல் நுனிகளைப் பார்த்தாள். ஊசி குத்திக் குத்தி நான்கு விரலில் துணி சுற்றியிருந்தாள்.

"மெஷின்காரி ஒருத்தி இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன். கையால தைச்சாளாம் கையால! இந்த லட்சணத்துல தொங்கவிட்டா ஊரே சிரிக்கும். அந்த நீலத் துணியை எடு. ஓரத்துல பட்டை சேர்த்துத் தர்றேன்."

"அப்போ... வெட்டவெளியிலதானே அத்தை?"

"பின்ன? இருபதடிப் பந்தலை இந்த அறைக்குள்ளயா கட்டுவ?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தையல்காரம்மா மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

தச்சர் மகள் துள்ளி எழுந்து, வாசல்படியில் நின்றவனின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"அண்ணா, கல்யாணப் பொண்ணு சரின்னுட்டாங்க! ஓடிப் போய் நம்ம அப்பாவை முதல்ல சவரம் பண்ணிக்கச் சொல்லு!"