கடைசி ஊர் டப்ளின்

ரஷீத் அஹமது தோல் மண்டியை விற்றுவிட்டு, பெண்டாட்டியோடு அயர்லாந்துக்கு உல்லாசப் பயணம் போகப்போகிறாராம்.

இதைக் கேள்விப்பட்டதும் சுகரா பேகம் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள்.

சுகராவின் புருஷன் அந்த மண்டியில்தான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். 1931-ஆம் வருஷம். தோலைக் கேட்க ஆளில்லை. ஆம்பூரிலிருந்து மேல்விஷாரம் வரைக்கும் தோல் தொழில் படுத்துக் கிடந்தது. இப்போது போய் வேறு வேலைக்கு எங்கே அலைவது?

கூடத்தில் அக்காவும் மச்சானும் ஒரு படப் புத்தகத்தை நடுவில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கப்பல் கம்பெனியில் கொடுத்தது.

"வா சுகரா," என்றார் ரஷீத். "உங்க அக்காவுக்கு ஏரி பாக்கணுமாம். கில்லார்னின்னு ஒரு ஊரு. ஏரியைச் சுத்திக் குதிரை வண்டிலயே போவலாம்."

"மழை ஜாஸ்தியாமேங்க அங்க," என்றாள் ஜஹீருன்னிசா. "ரெண்டு பேருக்கும் கம்பளிக் கோட்டு தைக்கக் குடுத்துடணும். அப்புறம் இந்த கால்வே. கடலோரமா இருக்கு. இங்க ஒரு வாரம் தங்கலாமா?"

"தங்கலாமே. சுத்துப்பட்டுக் கிராமத்துல எல்லாம் ஆடுதானாம். தோலு எப்படி இருக்குதுன்னு பாக்கறேன்."

"அங்க வந்தும் தோலா?"

அக்கா சிரித்தாள். மச்சானும் சிரித்தார். சுகராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மச்சான், உங்க மண்டில வேலை பாத்தவங்க வீட்ல அடுப்பு எரியல. நீங்க ஏரி பாக்கக் கெளம்பிட்டீங்க."

ரஷீத் தலை குனிந்துகொண்டார். "மண்டிய வாங்கினவர்கிட்ட உன் புருஷனைப் பத்திச் சொல்லியிருக்கேன்மா. பாக்கலாம்னாரு."

"பாக்கலாம்னா அதுக்கு இன்னா அர்த்தம்?"

சுகரா அக்கா பக்கம் திரும்பினாள்.

"டாக்டருக்குப் படிக்கப் போன புள்ள டப்ளின்ல இருக்கான். அன்வரைப் பாத்து வருஷக்கணக்காச்சு. மொதல்ல நேரா அவன்கிட்டதானே போவீங்க?"

"இல்ல. டப்ளின் கடைசிலதான்," என்றாள் அக்கா, புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே. "அவரு மொதல்ல டப்ளின்னுதான் சொன்னாரு. நான்தான் மாத்தச் சொன்னேன். அவன் எங்க போயிடப்போறான்? ஊரெல்லாம் பாத்துட்டு அப்புறம் போவலாம்."

"பெத்த வயிறா அக்கா உனக்கு?"

ஜஹீருன்னிசா புத்தகத்தை மூடினாள். "இரு, தேத்தண்ணி கொண்டாரேன்," என்று எழுந்து உள்ளே போனாள்.

அவள் போகும் வரை காத்திருந்துவிட்டு ரஷீத் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அவளைத் திட்டாதே சுகரா. அவளுக்குத் தெரியாது."

"இன்னா தெரியாது?"

"அன்வர் மவுத்தாயிட்டான்."

சுகரா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"காச நோய். ரமலானுக்கு முன்னாடியே. அங்கயே கபர்ல அடக்கம் பண்ணிட்டாங்க. கூடப் படிச்ச வேலூர்ப் பையன் சம்பத் இருக்கானே, அவன் பட்டணத்துல கப்பலை விட்டு எறங்கினதும் என்னைத் தேடி மண்டிக்கு வந்து சொன்னான். நான் வீட்டுக்கு வந்தேன். இவ வாசல்ல நின்னுக்கிட்டு, புள்ள எப்படி இருக்கானாம்னு கேட்டா. நல்லா இருக்கான், பரீட்சைக்குப் படிக்கிறான்னு சொல்லிட்டேன்."

சுகரா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மண்டிய இனிமே யாருக்கு வெச்சிக்கறது? அவன் கபர்கிட்ட அவளைக் கூட்டிட்டுப் போயிடணும். அங்கதான் சொல்லணும். அதுவரைக்கும் ஏரி, கடல்னு சிரிச்சிக்கிட்டு வரட்டும். டப்ளினைக் கடைசியா வெச்சிக்கலாம்னு அவளே கேட்டா பாரு, அல்லா எனக்குக் கொஞ்ச நாள் தவணை குடுத்த மாதிரி இருந்துச்சு."

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "சுகரா, இங்க வந்து தட்டைப் புடி."

சுகரா கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டு போனாள்.

ஜஹீருன்னிசா அடுப்பு முன்னால் நின்றிருந்தாள். பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அவள் அதை இறக்கவில்லை. தங்கையின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"உங்கிட்ட சொல்லிட்டாரா?"

"அக்கா, உனக்குத் தெரியுமா?"

"சம்பத்தோட அம்மா, பங்கஜம், வேலூர்லேர்ந்து துக்கம் கேக்க வந்தாங்க. மவன் எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டான்னதும், எனக்கும் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சிட்டாங்க. அவரு அப்ப மண்டில இருந்தாரு."

"தெரிஞ்சும் நீ கோட்டு தைக்கணும்னு பேசிக்கிட்டு இருக்கியா அக்கா? அவர்கிட்ட சொல்லி, ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சி அழுதிருக்கலாமே."

"அதுக்குத்தான் அன்னிக்கு சாயந்திரம் காத்துக்கிட்டிருந்தேன். அவரு வந்தாரு. சிரிச்ச மொகமா, நாம அயர்லாந்து போவலாமான்னு கேட்டாரு."

ஜஹீருன்னிசா பாலை இறக்கி வைத்தாள். சேலைத் தலைப்பால் முகத்தை ஒற்றிக்கொண்டு, கூடத்துக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"எனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் அவரு காலைல எழுந்திருச்சி, மொகம் கழுவி, ஒரு வாய் சோறு துன்றாரு சுகரா. அதையும் நான் புடுங்கிட்டா, கபர் ரெண்டாயிடும்."