கேட்டில் தொங்கிய மீன்

"ஏங்க, இன்னிக்கும் தொங்குது!"

பல் துலக்கிக்கொண்டிருந்த கோகுல் பிரஷ்ஷோடு வாசலுக்கு ஓடினான். கேட்டில் ஒரு ஸ்நாப்பர் மீன். செவுளில் நார் கோத்து, வாய் பிளந்து, அவன் மனைவி சிந்துவையே முறைத்துக்கொண்டிருந்தது.

"முதல்ல உள்ளங்கை அளவுல தொங்குச்சு. இப்ப முழங்கை நீளம்! 'ஊரை விட்டுக் கிளம்பு'ன்னு வாயால சொன்னா கேஸ் ஆயிடும்ல? அதான் மீனால சொல்றாங்க."

ஆக்லாந்திலிருந்து அரைநாள் படகுப் பயணம், கிரேட் பேரியர் தீவு. என்றோ குமுறி அடங்கிய எரிமலையின் செங்குத்துப் பாறைக்கும் கடலுக்கும் நடுவே, அதன் ஒரு மூலையில் பத்துப் பன்னிரண்டு வீடுகள். கடை கிடையாது. மின்கம்பியும் கிடையாது. கோகுலுக்கு இங்கே கிளினிக்கில் நர்ஸ் வேலை. நாட்டில் நிரந்தரமாகத் தங்க ரெசிடென்ஸி கிடைக்கும்வரை அதை விட முடியாது.

"எனக்குப் பக்கத்து வீட்டு ஹெதர் மேலதான் சந்தேகம். நான் கேட்டுப் பக்கம் போனாலே அவங்க ஜன்னல் திரை ஆடுது."

"பாவம், வயசானவங்க சிந்து."

"அதனால? சூனியம் வைக்க ரிட்டயர்மென்ட் உண்டா?"

கோகுல் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை படகுல நான் ஆக்லாந்து போறேன், த்ரீ கிங்ஸ்ல இருக்கிற என் ஃப்ரெண்ட் ரதிதேவி வீட்டுக்கு. வேலையா, நானான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

கோகுலின் சிரிப்பு நின்றது. மீனை எடுத்துப்போய்ப் புதைத்தான்.

கண் திருஷ்டிக்கென்று குடிவந்த அன்றே தொடங்கியதை மட்டும் சிந்து விடவில்லை. கொல்லை மரத்து எலுமிச்சம்பழங்களில் குங்குமம் தடவி, மாலைதோறும் கேட்டுத் தூண்மேல் வைத்தாள். காலையில் அவை இருக்காது; கடற்காற்று உருட்டிவிட்டது என்று நினைத்துக்கொள்வாள். மறுநாள் புதிதாக வைப்பாள். மீன் பெரிதாகப் பெரிதாக, பழங்களையும் கூட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை, பெட்டியோடு வெளியே வந்தவள் அப்படியே நின்றாள். கையும் களவுமாக ஹெதர்! தூக்க முடியாமல் ஒரு பெரிய மீனைக் கேட்டில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நாங்க உங்களுக்கு என்ன பாவம் செஞ்சோம்?" ஆங்கிலத்தில் வெடித்தாள் சிந்து. "எதுக்கு எங்களை இப்படி மிரட்டுறீங்க?"

"மிரட்டுறேனா?" ஹெதரின் முகம் சிவந்தது. "கேட்டுல வச்சா அது அக்கம்பக்கத்துக்கு, எடுத்தவங்க பதிலுக்கு வைக்கணும். இந்த ஊர் வழக்கமே அதுதானம்மா. எங்க தோட்டம் கடலைப் பாத்து இருக்கு, உப்புக்காத்துல எலுமிச்சை நிக்கிறதில்லை, ஆசையா எடுத்துக்கிட்டேன். ஆனா நீ ரெண்டு வச்சே, நாலு வச்சே, நேத்து ஒரு குவியலே வச்சுட்டே! என் வீட்டுக்காரருக்கு எண்பது வயசு. இதைவிடப் பெரிய மீன் பிடிக்க அவரால முடியாது. தயவுசெஞ்சு நிறுத்திக்கம்மா!"