கறுப்புத் திரை

“எதுக்கும்மா எல்லாம் ஒரே கறுப்பு? கண்ணு கெட்டுடும்” என்று அக்கறையாகச் சொன்ன மேனேஜர், தானே மவுஸைப் பிடித்து, பிக்ஸல் படம் வரையும் மென்பொருளின் திரை முழுவதையும் வெள்ளையாக்கிவிட்டுப் போனார்.

ஓவியக்காரிக்கு வேர்த்துக் கொட்டியது. வரைந்துகொண்டிருந்த குதிரைக்கு ஐந்தாவது கால் முளைத்தது.

“வெறும் கலர்தானே அக்கா! இதுக்கா இப்படி வேர்க்குது?” என்றாள், பக்கத்து நாற்காலிக்கு அன்றுதான் வேலைக்கு வந்திருந்தவள்.

ஓவியக்காரி மெனு, பட்டன், ஓரம் என்று ஒவ்வொன்றாக மறுபடி கறுப்பாக்கினாள்.

“இப்ப என் ஸ்க்ரீனைப் பாரு. திரும்பிடாதே.”

புதியவள் எட்டிப் பார்த்தாள். கண்ணாடியாய் மின்னிய கறுப்பில், மேனேஜர் சத்தமில்லாமல் பின்னால் வந்துகொண்டிருந்தார். அவர் கை புதியவளின் இடுப்பை நோக்கி நீண்டது.

அவள் பதறி எழுந்தாள். அவர் எதையோ மறந்தவர்போல் நழுவினார்.

“அக்கா... எனக்கும் கறுப்பாக்கிக் குடுங்க.”