மே மாதத்துச் சாக்ஸ்

"சாக்ஸைக் கழட்டின, அவ்வளவுதான்" என்று காருக்குள்ளேயே சொல்லிவிட்டாள் அம்மா.

"மே மாசம்மா. ஸ்ரீரங்கத்துல சாக்ஸோட எவன் உக்காருவான்?"

"பொண்ணு பாக்கப் போற மாப்பிள்ளை உக்காருவான். ஷூவை வாசல்ல விடு, சாக்ஸைக் கால்ல விடு."

கால் என்று அம்மா சொன்னதில் ஒன்றுதான் சிவசங்கருடையது. இடது முழங்காலுக்குக் கீழே இருந்தது, கல்லூரி நாளில் நடந்த பைக் விபத்துக்குப் பிறகு வாங்கிய செயற்கைக் கால். இந்தச் சங்கதியை முன்கூட்டியே சொன்ன வீடுகளில் எல்லாம் காபி வந்தது, பதில் வரவில்லை. அதனால் இந்த முறை தரகர் பிச்சை ஒரு வழி சொல்லியிருந்தார்.

"வாயையே திறக்காதீங்க தம்பி. முதல்ல அவங்களுக்கு உங்களைப் பிடிக்கட்டும். அப்புறம் நான் பாத்துக்கறேன்."

போட்டோவிலேயே பெண் சுபஸ்ரீயைச் சிவசங்கருக்குப் பிடித்துவிட்டது. பிடித்தவளிடமே பொய்யில் தொடங்குவதா?

இன்னொரு கூத்தும் இருந்தது. மறுநாள் திருச்சியில் மாற்றுத்திறனாளிகளுக்கான நீச்சல் போட்டி. யார் எந்தப் பிரிவில் நீந்தலாம் என்று டாக்டர்கள் இன்று மதியமே பரிசோதித்துச் சொல்வார்கள். ஆக, காலையில் மறைக்கிற காலை மதியம் காட்டியாக வேண்டும்.

பெண் வீட்டில் மின்விசிறி சுற்றியும் எல்லோருக்கும் வியர்த்தது. பெண்ணின் அப்பா சாக்ஸைப் பார்த்தார்.

"அவனுக்குக் குளிர் ஒத்துக்காது" என்றாள் அம்மா, முந்தானையால் விசிறிக்கொண்டே.

"அப்படிங்களா" என்றார் அவர். மேற்கொண்டு கேட்கவில்லை. நல்ல மனிதர்.

இரண்டு தோளையும் பட்டுப் புடவையால் போர்த்திக்கொண்டு சுபஸ்ரீ வந்து உட்கார்ந்தாள். காபித் தட்டை அவளுடைய அம்மாதான் கொண்டுவந்தார்.

"அவளுக்குக் கூச்சம். கை நடுங்கிக் கொட்டிடுவா."

"எவ்வளவு அடக்கம் பாரு" என்று அம்மா இவன் காதைக் கடித்தாள்.

சிவசங்கர் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. பேன்ட் மேலே ஏறிவிடாமல் காப்பதிலேயே அவன் கவனம் முழுக்கப் போய்விட்டது.

"ரெண்டு பேரும் மாடியில போய்த் தனியா பேசிட்டு வாங்களேன்" என்றார் பெண்ணின் பெரியப்பா.

மாடிப்படி சுவரில் சாத்திய ஏணி போல இருந்தது.

"வேண்டாங்க" என்றான் சிவசங்கர்.

"வேண்டாம் பெரியப்பா" என்றாள் சுபஸ்ரீ, அதே மூச்சில்.

"பாத்தீங்களா பொருத்தத்தை" என்றார் பிச்சை, மணப்பாறை முறுக்கைக் கடித்தபடி.

"அப்ப கிளம்பறோங்க. ஞாயித்துக்கிழமைன்னுதான் பேரு, இவனுக்கு ஆபீஸ் இருக்கு" என்று அம்மா எழுந்தாள்.

"ஆமாங்க, இவளுக்கும் மத்தியானம் பரீட்சை" என்று பெண்ணின் அம்மாவும் தடுக்காமல் வழியனுப்பினார்.

மதியம் நீச்சல்குளத்து வராந்தாவில், செயற்கைக் காலைக் கழற்றிப் பக்கத்தில் சாய்த்துவிட்டு, பெஞ்சில் தன் முறைக்காகக் காத்திருந்தான் சிவசங்கர். மனசு கேட்கவில்லை. பிச்சைக்குப் போன் போட்டான்.

"அண்ணே, அவங்ககிட்ட உண்மையைச் சொல்லிடுங்க. பிடிக்கலன்னா போகட்டும்."

"அவசரப்படாதீங்க தம்பி. சாயங்காலத்துக்குள்ள தானா சரியாயிடும்" என்று வைத்துவிட்டார். அந்த ஆளுக்கு எல்லாமே தானாகத்தான் சரியாகும்.

குளோரின் நெடிக்கு நடுவே திடீரென்று மல்லிகை வாசனை வந்தது. பெஞ்சின் மறுமுனையில் யாரோ உட்கார்ந்தார்கள்.

"உங்க சாக்ஸ் கீழ கிடந்துது. இந்தாங்க, மாட்டிக்கங்க, குளிர் ஒத்துக்காதே உங்களுக்கு."

நிமிர்ந்தான். தலையில் காலையில் வைத்த பூ, தோளில் துண்டு, சாக்ஸை நீட்டிய வலது கை. சுபஸ்ரீயின் இடது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது.

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சு மொத்தமும் சிவசங்கருக்குச் சிரிப்பாக வெளியே வந்தது.

"வாயையே திறக்காதீங்கன்னு பிச்சை அண்ணன் உங்ககிட்டயும் சொன்னாரா?"