இடது ஓரம் ஓடுகிறவன்

"இதுல எது உம்மவன், தாயம்மா?"

ரப்பர்த் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கப் புதிதாக வந்த மண்டோர் கணேசமூர்த்தி, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக் கல்லூரித் திடலில் நடந்த பந்தாட்டத்தைப் பார்த்தார்.

"இடது ஓரமா ஓடுது பாருங்கய்யா, ஒல்லியா. அதான் அர்ச்சுனன்."

சொல்லிவிட்டுத் தாயம்மா மகள் பஞ்சாலையின் கையை இறுகப் பற்றினாள். எட்டு வயதுப் பிள்ளை. மனதில் பட்டதைப் பளிச்சென்று சொல்லிவிடும்.

"என்மேல கோவப்படாத. உம்மவன் காலேஜுல இல்ல, கம்யூனிஸ்டு காட்டுக்காரனுங்களோட சேந்துட்டான்னு எவனோ ஆபீசுக் கிராணிகிட்ட ஓதிட்டான். நேர்ல பாத்துட்டு வான்னு வெள்ளக்காரத் தொர என்னை அனுப்பிட்டாரு. காலேஜு ஆபீசுல போயி விசாரிக்கலாம்னா எனக்கு இங்கிலீசு வராது. நீ சொன்னது பொய்யின்னா ஒன்னையும் புள்ளயையும் இன்னிக்கே முள்ளுக்கம்பி கேம்ப்புல அடைச்சிருவாங்க."

"படிக்கத்தாங்கய்யா போயிருக்கு."

ஒல்லிப் பையன் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினான். ஒரு மலாய்க்காரப் பையன் இடிக்க, குப்புற விழுந்து எழுந்தான். தோட்டத்து லாரியில் வந்த சனமெல்லாம் கை தட்டி ஓய்ந்த பிறகுதான் தாயம்மா தட்டினாள்.

"என்னா, பெத்தவ நீயே கடைசியா தட்டுற?"

"விழுந்துச்சேன்னு பதறிப் போச்சுங்கய்யா."

மண்டோர் போய்ச் சிவப்புப் பாகு ஊற்றிய ஐஸ் உருண்டை ஒன்று வாங்கி வந்தார். பஞ்சாலையைத் தன் பக்கம் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார்.

"அம்மா சொன்னது கெடக்கட்டும். நீ சொல்லு பாப்பா. ஒங்கண்ணன் எது?"

பஞ்சாலை தாயைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பாகை ஒரு தடவை உறிஞ்சினாள்.

"அந்தா, விழுந்து எந்திரிச்சுதே, அது."

"கூப்பிடேன். திரும்பட்டும்."

"ஆடுறப்ப கூப்பிட்டா அண்ணன் ஏசும் லா."

மண்டோர் வாய்விட்டுச் சிரித்தார். அதற்குள் லாரி ஹாரன் அடித்தது. ஆறு மணிக்கு ஊரடங்கு. அதற்கு முன்னால் தோட்டத்து கேட்டுக்குள் போய்விட வேண்டும்.

"சரி, எந்திரிங்க. தொரகிட்ட நான் சொல்லிக்கிறேன். அப்ப நேத்து காட்டுல ஒருத்தனச் சுட்டுக் கொண்டாந்து, பிலா போலீசு டேசன் வாசல்ல போட்டு, நம்ம ஆளுங்கள வரிசையா கூட்டிட்டுப் போயி காட்டுனாங்களே, அது வேற எவனோதான். நாளைக்கு அனாதப் பொணம்னு பொதச்சிருவாங்க. எவ பெத்த புள்ளயோ, பாவம்."

"ஆமாங்கய்யா" என்றாள் தாயம்மா.

அவர் முன்னால் நடந்தார். திடலில் மறுபடியும் கைதட்டல் எழுந்தது. தாயம்மா பின்தங்கினாள். மகளருகே குந்தி, பாகு வழிந்த அவள் முகவாயைத் துடைத்துவிட்டாள்.

"ஏண்டி, அப்படிச் சொல்லணும்னு ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்லம்மா. நேத்து டேசன் வாசல்ல நீ என் கண்ணப் பொத்துனப்ப விரல் சந்துல பாத்தேன். அண்ணன யாருன்னே தெரியலன்னு நீதானே சொன்ன."