வீக்கம் வடிந்த விரல்

அம்மாவின் இடது கை, சாப்பாட்டு மேசையில் விரித்த துண்டின் மேல் கிடந்தது.

மோதிர விரலின் நடு மூட்டைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. தோலில் மெல்லிய சுருக்கம் விழுந்திருந்தது. வீக்கம் வடிந்தால்தான் அப்படி விழும். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அம்மாவுக்குச் சுருக்கம் விழுந்ததுக்கு இவ்ளோ சந்தோஷப்படுற பொண்ணை இப்பத்தான் பாக்குறேன்" என்றாள் அம்மா.

ரொட்டிக் கடையில் காலமெல்லாம் மாவு பிசைந்த விரல்கள். எல்லா மூட்டும் இஞ்சிக் கிழங்கு மாதிரி புடைத்துப் போயிருந்தன. அப்பா போட்ட மோதிரம் அதில் ஒரு மூட்டுக்குக் கீழே அகப்பட்டுக்கொண்டது. அப்பா போய்ப் பல வருடமாகிவிட்டது. மோதிரம் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

அண்ணன் ஜன்னலுக்கும் மேசைக்கும் நடையாய் நடந்துகொண்டிருந்தான்.

"நகைக்கடைக்காரரைக் கூப்பிட்டா ஒரு நொடியில வெட்டி எடுத்துடுவாரும்மா."

"வெட்டக் கூடாது. அதுவா வரட்டும்."

"அதுவா வர்றதுக்கு அது என்ன பூனையா?"

அவன் கோபம் அவனுக்கு. அம்மாவின் பிடிவாதம் அம்மாவுக்கு. நடுவில் மாட்டிக்கொண்டவள் நான்.

வலிக்கும் வீக்கத்துக்கும் கிரீம் தயாரிக்கும் கம்பெனியில் எனக்கு வேலை. எண்ணெயும் தண்ணீரும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். இரண்டையும் சமாதானப்படுத்திக் கலக்குவதற்குத்தான் சம்பளம். ஊரார் மூட்டுக்கெல்லாம் மருந்து கலக்குகிறவள் பெற்ற தாயின் விரலுக்கு ஒன்று செய்ய மாட்டேனா என்று இறங்கினேன்.

முதலில் மிளகாய்ச் சத்தைச் சேர்த்தேன். வலி மரத்துப்போகும் என்று நினைத்தேன். அம்மா மறந்துபோய் அதே கையால் கண்ணைத் துடைத்துவிட்டாள். அன்றைக்கு எனக்குக் கிடைத்த வசவை வாழ்நாளில் மறக்க மாட்டேன்.

அடுத்தது மஞ்சள். அது தோலுக்குள் இறங்காமல் மேலேயே உட்கார்ந்துகொண்டது. தலையணை உறை, கதவுப்பிடி, அண்ணனின் வெள்ளைச் சட்டை என்று எல்லாம் மஞ்சளானது. வீக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

மூன்றாவதாகத்தான் குந்திரிக்கப் பிசினையும் இஞ்சிச் சாற்றையும் கற்றாழைக் கூழில் கலந்தேன். புதினா போடச் சொன்னாள் அம்மா, வாசனைக்கு. அது ஜில்லென்று இருக்குமே தவிர வீக்கத்தைத் தொடாது என்றேன். "இருந்துட்டுப் போகட்டும், எனக்குப் பிடிக்கும்" என்றாள். போட்டேன்.

காலையும் மாலையும் தேய்த்துவிட்டேன். மூட்டு ஒரேயடியாக இளைத்துவிடவில்லை. கோபித்துக்கொண்டு போனவர் மெதுவாக மனம் இறங்குவது போல, கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தது.

"இன்னைக்கும் கழலலைன்னா?" என்றான் அண்ணன்.

அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "கழலலைன்னா வேண்டாம்னு விட்டுடலாம்."

அண்ணன் நடப்பதை நிறுத்திவிட்டான். அம்மாவின் வலது கை துண்டின் முனையை முறுக்கிக்கொண்டிருந்தது.

நான் ஜெல்லை வழித்து மூட்டைச் சுற்றி அப்பினேன். இழுக்கவில்லை. திருகாணியைக் கழற்றுவது போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்லத் திருப்பினேன்.

மோதிரம் மூட்டின் மேல் ஏறி, சாய்ந்து, நின்றுவிட்டது.

"வலிக்குதாம்மா?"

அம்மா கண்களை இறுக மூடியிருந்தாள்.

இன்னும் கொஞ்சம் ஜெல். இன்னும் அரைத் திருப்பு. அண்ணன் என் தோளுக்கு மேல் குனிந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

சட்டென்று வழுக்கியது. மோதிரம் என் உள்ளங்கையில் வந்து விழுந்தது.



விரலில் வெயிலே பட்டிராத ஒரு வெள்ளை வளையம் இருந்தது. அம்மா மோதிரத்தை வாங்கித் துண்டின் முனையால் துடைத்தாள். கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"உங்கப்பா சரின்னுட்டாரு" என்றாள்.

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலுக்குப் போனான். தொண்டையைச் செருமினான். கீழே, காரோடு ஒட்டிக்கொண்டு, புதுச் சட்டையில் வியர்க்க வியர்க்க நின்றிருந்தார் ஒரு நரைத்த தலைக்காரர்.

"சார்! மேல வாங்க. கல்யாணப் பொண்ணு ரெடி!"

"எரும மாடே, தெரு பூராக் கேக்கும்டா!" துண்டை எடுத்து அவன் மேல் வீசினாள் அம்மா. அவள் காது வரை சிவந்திருந்தது.

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. ஓடி வருகிற சத்தம்.

அம்மா தலையைச் சாய்த்து ஒரு கணம் கேட்டாள்.

"மெதுவா வரச் சொல்லுடா. அவருக்கு முட்டி வலி."